கம்பிவேலி ஓரம் நடந்தவர்

“நடுவருக்குப் பதினைந்து வயது. போன வாரம் அழுதுகொண்டு போனாள். அவளும் நின்றுவிட்டால் லீக் நடக்காது. தயவுசெய்து கத்தாதீர்கள்.” எங்கள் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் சிறுவர் பேஸ்பால் லீக் நடத்திய பெண்மணி, வெள்ளிக்கிழமை பெற்றோருக்கு அனுப்பிய குறிப்பு இது.

மறுநாள் ஆட்டத்தில் அவர் கதிரையில் உட்காரவே இல்லை. தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக, ஸ்கோர் எழுதிய என்னைத் தாண்டித் தாண்டிக் கம்பிவேலி ஓரம் நடந்தார். அவருடைய மகனை நடுவர் அவுட் என்றதும், அவர் கணவரே கத்தினார்: “கண் தெரியேல்லையோ?”

“இஞ்சருங்கோ, கார்த் திறப்பைப் பிடியுங்கோ,” என்று பெண்மணி சாவியை நீட்டினார். “கண்ணாடியை ஏத்திப்போட்டு உள்ள இருந்து கத்துங்கோ.”

“அவன் எங்கட பிள்ளையடி!”

“ஓம், எனக்கும் வாய் துடிக்குது. போங்கோ.”

கணவர் போனார். ஆட்டம் முடிந்ததும் பெண்மணி அந்த நடுவர் சிறுமியின் பின்னால் மைதான வாசல்வரை ஓடினார்.

“அடுத்த கிழமையும் வருவியோ, பிள்ளை?”

“மேபி, அன்ரி.”

இதை எழுதும் புதன்கிழமை மாலைவரை, அவள் வருவாளா என்பது உறுதியாகவில்லை.