பொய் வேப்பிலை

மாடியில் பூட்டிய அறை, அதற்குள் ஒருத்தி, சாவியை இடுப்பில் செருகிய இங்கிலீஷ் டீச்சர். பழைய காலத்துப் பேய் நாவலுக்கு அருமையான விஷயம், எழுதுங்கள் என்று என் மகள் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அறைக்குள் இருந்தது என் அம்மா. நாவலாம் நாவல்!

ஆர்.எஸ்.புரம் அப்போது பாதி சோளக்காடு. மில்லில் பங்கு சேர்ந்த கையோடு அப்பா அங்கே மாடி வீடு கட்டினார். தன் மகளான நான் இங்கிலீஷ் பேச வேண்டுமென்று மெட்ராஸிலிருந்து ஒரு டீச்சரை வரவழைத்து வீட்டோடு தங்கவைத்தார். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், அதை மறுக்கமாட்டேன். இன்றைக்கும் நான் இங்கிலீஷ் பேப்பர் படிப்பது அவளால்தான். அதை நினைத்தால்தான் இன்னும் வயிற்றெரிச்சல்.

கொஞ்ச நாளில் சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையதாகிவிட்டது. அம்மா ஒரு தடவை விருந்தாளிகள் முன்னாலேயே அதைக் கேட்டுவிட்டாள். அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றாள் டீச்சர். அப்பா தலையாட்டினார். மாடி அறைக்குப் பூட்டு விழுந்தது.

மத்தியானம் நான் பாடம் படிக்கும்போது மேலே கதவு தட்டும் சத்தம் கேட்கும். "அது முனி. மேலே பார்க்காதே, ஸ்பெல்லிங் சொல்லு" என்பாள் டீச்சர். குரலில் ஒரு பிசிறு இருக்காது. சமையல்காரர், தோட்டக்காரர் எல்லாருக்கும் விஷயம் தெரியும். எல்லாரும் செவிடர்களைப் போல நடமாடினார்கள்.

ஆடி நோன்புக்கு அம்மாவை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் கொடுமுடியிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. அம்மா அந்த அறையை விட்டு வெளியே வர அது ஒன்றுதான் வழி. அவர் வரும் அன்று காலையில் டீச்சர் வாசல் நிலையில் தன் கையாலேயே வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் கால் வைப்பதில்லை. வாசலோடு கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். எங்கள் வழக்கத்தை வைத்தே எங்கள் வாயை அடைத்தாள், கெட்டிக்காரி.

மாமா ஜட்காவிலிருந்து இறங்கினார். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கறாளுங்க மச்சான்" என்றார் அப்பா. "தலைக்குத் தண்ணி ஊத்துன பொறவு நானே கூட்டியாந்து உடறனுங்க."

அப்போது சமையற்கட்டில் கடுகு வெடித்தது. வெங்காயம் வதங்கும் வாசம் வாசல்வரைக்கும் வந்தது. டீச்சர் ஹாஸ்டலில் வளர்ந்தவள். வேப்பிலை கட்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மை இறங்கும்வரை அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள் என்பது தெரியாது. சமையல்காரரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி அது.

மாமா மூக்கை உறிஞ்சினார். அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார். நான் ஓடிப்போய் மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அம்மாவுக்கு அம்மையெல்லாம் இல்லீங்க! மேல பூட்டி வெச்சிருக்கறாங்க!"

அதே நேரம் மாடியில் கதவு தட்டும் சத்தமும் கேட்டது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

மாமா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். "கொழந்தை பயந்துபோச்சாட்ட இருக்குதுங்க" என்றார். "நல்லாப் பாத்துக்குங்க மாப்பிள்ளை. நான் வாரனுங்க."

கொண்டுவந்த வாழைத்தாரைப் படியில் வைத்துவிட்டு ஜட்காவில் ஏறிவிட்டார். கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் சத்தம் போட்டால் ஊர் என்ன பேசும் என்ற பயம்! அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. டீச்சர் வேற்றாள், அவளைத் திட்டுவது சுலபம். இவர் அம்மாவோடு ஒரே வயிற்றில் பிறந்தவர்.

ஐப்பசியில் அம்மா செத்துப்போனாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு மாமா வந்தார். உடலை இன்னும் கீழே இறக்கவில்லை. டீச்சரே முன்னால் போய் அறையைத் திறந்துவிட்டாள். மாமா சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.