டெக்சாஸில் ஒரு திருஷ்டிப் பூசணி

அன்று மாலை சதுக்கத்தில் இருந்தவர்கள்: நான், செந்தில், அவர் மனைவி கலா, டாக்டர் யோகன் அண்ணை. இல்லாதவர்: சாம்பசிவம் அங்கிள். யோசனை முழுக்க அங்கிளுடையது. முதுகுவலி, வர முடியாது என்று ஃபோனில் சொல்லிவிட்டார். உத்தரவு போடுவதற்கு முதுகு தேவைப்படுவதில்லை, பாருங்கள்.

நான் வேலை பார்க்கும் ஊர் ஹூஸ்டனிலிருந்து மூன்று மணி நேரத் தூரம். ஒரு கோர்ட் கட்டிடம், அதைச் சுற்றி ஒரு சதுக்கம், சதுக்கத்தைச் சுற்றிப் பாதி மூடிக்கிடக்கும் கடைகள். ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் ஃப்ரீவே வந்த பிறகு இந்த ஊருக்குள் யாரும் நுழைவதில்லை. பெட்ரோல் தீர்ந்தால் உண்டு. ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. சதுக்கத்தைப் புதுப்பித்தே தீருவது என்று கிளம்பிவிட்டார்கள். பழைய தாரைப் பெயர்த்து வெளிர் நிறக் கல் பதித்தார்கள். மரம் நட்டார்கள். பெஞ்சும் பூப்பாத்தியுமாக ஒவ்வொரு மூலையையும் ஒரு குழு ஏற்றுப் பராமரிக்கலாம் என்று அறிவித்தார்கள்.

சர்ச்காரர்களுக்கு ஒரு மூலை. பள்ளிக்கூட பேண்டு குழுவுக்கு ஒன்று. மூன்றாவது, கடைக்காரர்களுக்கு. நான்காவதற்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள் சங்கம் வருவதற்குள் நான் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, யார் காகிதத்தை நீட்டினாலும் பேனா தானாகத் திறந்துகொள்கிறது.

பூங்கா அலுவலகத்து டாரத்தி அம்மாள் கண்டிப்பாகச் சொன்னார்: "மூலை சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு புகார் வந்தாலும் அடுத்த குழுவுக்குக் கொடுத்துவிடுவேன்."

நான்கு மாதம் உழைத்தோம். சாமந்தி வைத்தோம். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை... 'தமிழ்க் குடும்பங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழே நம் எழுத்திலும். இந்த ஊரில் தமிழ் எழுத்து வெயிலில் நின்றது அதுதான் முதல் தடவை. ஊரிலுள்ள நான்கு தமிழ் வீட்டுக்காரர்களும் காரில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்தோம்.

மேயர் சதுக்கத்தைத் திறந்து வைக்க ஒரு நாள்தான் இருந்தது. அப்போதுதான் அங்கிளின் ஃபோன். "புதுசா ஒண்ணு கட்டிட்டு திருஷ்டி கழிக்காம விடுவாங்களாப்பா? ஒரு பூசணிக்காயை உடைச்சிடுங்க."

சாம்பல் பூசணி வேண்டுமென்றால் ஹூஸ்டனுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அது அக்டோபர் கடைசி வாரம். ஊர் முழுக்க ஆரஞ்சுப் பூசணி குவிந்து கிடக்கிறது. செந்தில் ஈரோட்டுக்காரர், எதற்கும் ஒரு தர்க்கம் வைத்திருப்பார்.

"பாருங்க முருகேசு, அவனவன் பூசணில கண்ணு, மூக்கு, வாயெல்லாம் வெட்டி வாசல்ல வெச்சிருக்கானுங்க. நம்மூரு திருஷ்டி பொம்மையேதானுங்க. இவனுங்களுக்கும் இதெல்லாம் பழக்கம்தான்."

எவ்வளவு சரியாக இருக்கிறது! நானும் நம்பி ஒன்றை வாங்கிவிட்டேன்.

யோகன் அண்ணை யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். பூசணியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "உதைக் கறி வைச்சிருந்தா நாலு வீட்டுக்குக் காணும். நான் வேதக்காரன் தம்பி, எனக்கு உதில நம்பிக்கை இல்லை. ஆனா கற்பூரத்தை நான் கொளுத்துறன்."

கலா பூசணியில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டினார். கொஞ்சம் தாராளமாகவே. அண்ணை கற்பூரம் ஏற்றினார். செந்தில் மூன்று சுற்றுச் சுற்றி, தலைக்கு மேல் தூக்கி, ஓங்கிப் போட்டார்.

தொப்!

வெளிர்க் கல் சிவந்தது. பெஞ்சுக் கால்வரை தெறித்தது. திருஷ்டி போயிற்று... போலீஸ் வந்தது.

எதிர்க் கடைக்காரர் ஃபோன் செய்திருக்கிறார். இந்த ஊரில் ஹாலோவீன் சமயத்தில் விடலைப் பையன்கள் பூசணிகளைத் தெருவில் போட்டு உடைப்பது வழக்கமாம். அதற்கென்றே தனி அபராதம் உண்டாம். நமக்கு யார் சொன்னார்கள்?

காரிலிருந்து இறங்கிய இளைஞர் கல்லைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். யோகன் அண்ணையின் நரைத்த தலையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"சார், உங்கள் வயது என்ன?"

"ஐம்பத்திரண்டு."

"இது பதினாறு வயதுப் பையன்கள் செய்கிற வேலை, சார்."

அண்ணை என் காதில் முணுமுணுத்தார்: "நான் முதலே சொன்னனான், கறி வைப்பமெண்டு."

"இந்த மூலைக்கு யார் பொறுப்பு?" என்றார் போலீஸ்காரர். மூவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டவன் நானல்லவா? அறுபது டாலர் அபராதச் சீட்டு என் கைக்கு வந்தது. அதோடு விடவில்லை. வயர்லெஸ்ஸில் டாரத்தி அம்மாளைக் கூப்பிடச் சொன்னார். ஒரு புகார் வந்தாலும் மூலை போய்விடும். பலகையைப் பார்த்தேன். நாளை அந்த இடத்தில் ஒட்டுத்துணிச் சங்கத்தின் பெயர் இருக்கும்.

டாரத்தி அம்மாள் வீட்டுச் செருப்போடு வந்து இறங்கினார். சிவந்த கல்லைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். ஒன்று மிக அழகாக அமைந்துவிட்டால் பிறர் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அந்தக் கண் பட்டால் கேடு. அது படாமல் இருக்க இப்படி...

"பொறாமையா?" என்றார். "எங்கள் ஊரைப் பார்த்தா?"

"ஆமாம் மேடம்."

அவர் சதுக்கத்தை மெதுவாக ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மரங்கள், புது விளக்குகள், எங்கள் சாமந்தி. "நான் பிறந்ததே இங்கேதான். இந்த ஊரைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை." அப்புறம் கவலையோடு கேட்டார்: "சதுக்கம் முழுவதற்கும் ஒரு காய் போதுமா?"

மூலை பிழைத்தது. போலீஸ்காரரிடம் சீட்டைக் கிழித்துப் போடும்படியும் சொன்னார். அவரும் கையை நீட்டினார்.

செந்தில் என்னை இடித்தார். "குடுத்துருங்க முருகேசு, குடுத்துருங்க."

கலாதான் தடுத்தார். "ஏனுங்க, நாலு மாசமா எங்க ஊரு எங்க ஊருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சமில்ல? ஃபைன்னு வந்தா மட்டும் விருந்தாளி ஆயிருவமா?"

செந்தில் இடிப்பதை நிறுத்திக்கொண்டார். சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், நம்மவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. வாசலைத் தாண்டினால் தரை வேறு யாருடையதோ. வாசலுக்கு வெளியேயும் ஒரு சதுர அடி நம்முடையது என்று தோன்றிவிட்டால், கூடவே துடைப்பமும் வருகிறது, அபராதச் சீட்டும் வருகிறது.

இருட்டும்வரை கல்லைத் தேய்த்தோம். டாரத்தி அம்மாள் தண்ணீர் ஊற்ற, போலீஸ்காரர் டார்ச் பிடித்தார். ஆனால் கலா போட்டது நல்ல அசல் குங்குமம். பெஞ்சுக்கடியில் ஓர் இளஞ்சிவப்புத் திட்டு போகவே இல்லை. மறுநாள் மேயர் அதன்மேல் நின்றுதான் பேசினார். கண் பட்ட மாதிரி தெரியவில்லை.

அபராதத்தைக் கட்டியாகிவிட்டது. அன்று வந்த நால்வருக்கும் ஆளுக்குப் பத்து டாலர் பங்கு. முதுகுவலி அங்கிளுக்கு மட்டும் இருபது.