நாலு மணிக்கு வர்றேன்

“சாப்பிட வான்னு கூப்பிடுறாங்க. போய் உட்கார்ந்தா ஏன் முழிக்கிறாங்க?” என்று என் அண்ணன் டெலியோ கேட்டான்.

பிலிப்பைன்ஸில் இருக்கும் எங்கள் ஊர் இலோயிலோவில் சாப்பிடும்போது யார் கடந்து போனாலும் “வாங்க, சாப்பிடலாம்” என்று வாய் தானாகச் சொல்லும். யாரும் உட்கார மாட்டார்கள். டெலியோ உட்காருவான். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வது அவன் பிறவிக்குணம்.

சிறப்பு வகுப்பு நடத்தும் அடோரா மேம் இரண்டு வருடமாக அவனுக்குத் துணி துவைக்கவும், தனியாக வெளியே போய்வரவும் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறித்த அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைக்கத் தந்தார். பிறகு பேக்கரி ஒன்றில் சோதனை வேலை. ஏழரைக்குள் வர வேண்டும். மூன்று நாள் தாமதித்தால் வேலை இல்லை.

முதல் நாள் எட்டேகாலுக்குப் போனான். வழியில் மூன்று வீட்டில் கருவாடும் பூண்டுச் சோறும். இரண்டாம் நாள் நான்கு வீடு.

மேம் ஓடி வந்தார். “‘சாப்பிட்டாச்சு, நன்றி’ன்னு சொல்லிட்டு நட, டோட்டோ,” என்றார். எங்கள் ஊரில் பையன்களைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“சாப்பிடலையே மேம்.”

“வீட்டுலயே சாப்பிட்டுட்டுக் கிளம்பு!”

ஒத்திகைக்கு மேம் தட்டை நீட்டினார். “சாப்பிட்டாச்சு, நன்றி. இன்னும் இடம் இருக்கு,” என்று டெலியோ உட்கார்ந்துவிட்டான்.

மேம் வீடு வீடாகப் போய், “காலையில அவனைக் கூப்பிடாதீங்க, வேலை போயிடும்” என்றார்.

“கூப்பிடாம எப்படி மேம்? வாய் சும்மா இருக்காதே,” என்றார் எதிர்வீட்டு பெபாங் மானாங், அதாவது பெபாங் அக்கா.

மூன்றாம் நாள் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. வாசலில் மாட்டிக்கொண்ட பெபாங் மானாங் மட்டும் வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார். டெலியோ நின்றான்.

“உடம்பு சரியில்லையா மானாங்?”

அவர் விழுங்கினார். “நல்லாத்தான் இருக்கேன் டோட்டோ. வா, சாப்பிடு!” சொன்னதும் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்.

என்னோடு அவன் பின்னால் ஒளிந்து வந்த மேம் என் கையைக் கிள்ளினார். மணி ஏழு பத்து. டெலியோ தட்டைப் பார்த்தான். அட்டையை எடுத்து எதையோ எழுதினான்.

“நாலு மணிக்கு வர்றேன். கருவாட்டை எடுத்து வைங்க.”

ஏழு இருபத்தைந்துக்குப் பேக்கரியில் வெள்ளைத் தொப்பியோடு மாவுக்கு முன்னால் நின்றான்.

“நீயா சொல்லிக் கொடுத்தே?” என்று மேம் என்னிடம் கேட்டார்.

“நீங்க இல்லையா?”

நாலு மணிக்கு அவன் வந்தேவிட்டான், கையில் சூடான ரொட்டியோடு. மானாங் கருவாட்டைத் தீர்த்துவிட்டிருந்தார். அவசரமாக முட்டை பொரித்தார்.

இப்போது வேலை நிரந்தரம். மேமின் வேறு மாணவர்களும் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு தெரு வழியாக வருகிறார்கள். ஆகவே, இதைப் படிப்பவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்: காலையில் வெள்ளைத் தொப்பி போனால், நாலு மணிக்கு வரச் சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால், சோறு இருக்க வேண்டும்.