மைக்கில் சொன்ன நட்சத்திரம்

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு பள்ளி விடுதியின் கைப்பிடிச் சுவரில் அந்த முகமூடி காய்ந்துகொண்டிருந்தது. பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, புளியங்கொட்டைப் பசை சேர்த்துச் செய்த, நடுவயதுப் பெண் ஒருத்தியின் முகம். அகலமான நெற்றி. வாய் மட்டும் லேசான கோணல், எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டதுபோல. மற்ற முகமூடிகளுக்குப் பிள்ளைகள் சிவப்பும் நீலமுமாக அப்பியிருந்தார்கள். இதற்கு மஞ்சள் தேய்த்துக் குளித்த நிறம் மட்டும்தான். அதை ஆடு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அன்று என் வேலை. புளியங்கொட்டைப் பசையின் வாசத்துக்கு ஆடுகள் சுவரேறும் என்று முதல் கோடையில் எங்களுக்குத் தெரியாது. மூன்று மூக்குகளும் ஒரு காதும் போன பிறகுதான் தெரிந்தது. "கணக்கு சார், என் மூக்க ஆடு தின்னுருச்சு" என்று ஒரு பையன் அழுதபடி ஓடிவந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். அந்த இடத்தைப் பற்றி இப்போதும் சிரிக்க முடிகிற விஷயம் அது ஒன்றுதான்.

தொண்ணூற்றெட்டில் தொடங்கிய முகாம் அது. மே மாதம் விடுதி காலியாகக் கிடக்கும். ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பெட்டியோடு வந்து தங்கி ஓவியம், பாட்டு, நாடகம் பழகுவார்கள். நடத்தியவர் என்னோடு ஒரே பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்கு டிராயிங் சார். எனக்கும் அப்படியே பழகிவிட்டது. ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னை அவர்தான் காப்பாளராகக் கூப்பிட்டார். "நீங்க இருந்தா எனக்குத் தூக்கம் வரும் சார். எனக்கும் சேத்து நீங்க பயந்துக்குவீக" என்றார். உண்மைதான். கிணற்றுக்கு மூடி, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் நாளில் அடைத்துவைக்க ஜன்னல், மாடிப்படிக்கு ஒரு கயிறு என்று எனக்குக் கவலைப்பட நிறைய இருந்தது. சாப்பிடும் முன் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை தலைகளை எண்ணுவேன். நான் சொல்லும் அந்தக் கோடையில் நாற்பத்திரண்டு தலைகள்.

டிராயிங் சாரின் முறை தனி. காலையில் எல்லாரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார வேண்டும். விருப்பமிருந்தால் ஒருவர் தன் வீட்டில் நடந்ததைச் சொல்லலாம். அதிலிருந்து நாடகம் பிறக்கும். ஆனால் கதையைச் சொன்னவர் அதில் நடிக்கக் கூடாது. தன் கதைக்கான முகமூடியைத் தானே செய்து இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்துவிட வேண்டும். ஊர், தொழில், சம்பவம் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். கடைசி நாள் பெற்றோர் முன்னால் நாடகம் நடக்கும்போது எது யார் வீட்டுக் கதை என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. "இங்கன பேசுனது இங்கனயே கெடக்கட்டும்" என்று தினமும் சொல்லித்தான் வட்டத்தைக் கலைப்பார். ஐந்து கோடை அந்தச் சொல் நின்றது. அவரோடு எனக்கிருந்த நட்பில் நான் பெருமைப்பட்ட விஷயமும் அதுதான்.

அந்த வருடம் ஜெயமங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பிளஸ் ஒன் முடித்தவள், கணக்கில் கெட்டி. ஒரு வாரம் வட்டத்தில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் இருவரையும் பார்த்து, "சார், சொன்னா வெளிய போகாதுல்ல?" என்றாள். டிராயிங் சார் தட்டை வைத்துவிட்டு, "ஏத்தா, என் மேல நம்பிக்க இல்லன்னா இந்தக் கணக்கு சாரக் கேளு. இவரு எதையும் நம்ப மாட்டாரு, என்னய நம்புறாரு" என்றார். அவள் சிரித்தாள். மறுநாள் சொன்னாள்.

அவளை அத்தை மகனுக்குக் கட்டிவைக்கப் பேச்சு நடந்திருக்கிறது. அப்பா தன் அக்காளிடம் சரி என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போதும் என்று முடிவாகிவிட்டது. சாதகம் எழுதாத பிள்ளை என்பதால் சோதிடரிடம் நேரம் சொல்லிக் குறிக்க வேண்டியிருந்தது. அவள் பிறந்தது அம்மாவின் தாய்வீட்டில். பிறந்த நேரம் இப்போது தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். அந்த அம்மா சோதிடரிடம் நேரத்தைச் சில மணி முன்னால் நகர்த்திச் சொல்லிவிட்டார். மகத்தில் பிறந்த பிள்ளை ஆயில்யத்தில் பிறந்ததாக ஆயிற்று. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பலருடைய நம்பிக்கை. அத்தை தன் உயிருக்குப் பயந்து சம்பந்தத்தைக் கைவிட்டார். பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போனாள். அம்மாவும் மகளும் இதைப் பற்றித் தங்களுக்குள்கூட மறுபடி பேசிக்கொண்டதில்லையாம். மஞ்சள் முகமூடி அந்த அம்மாவுடையது.

நாடகத்தில் சோதிடர் வைத்தியராக மாறினார். நட்சத்திரம் தொற்றுநோய் ஆனது. அம்மா வேடம் உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பையனுக்கு. "சார், நான் அம்மாவா? எங்க அத்தா பாத்தாக, வீட்டுக்குள்ளயே விடமாட்டாக" என்று அப்பாவை நினைத்துப் பயந்தான். "முகமூடிக்குள்ள நீதான்னு உங்க அத்தாவுக்கு எப்படிரா தெரியும்?" என்றதற்கு, "எங்க அத்தாவுக்கு என் காலு தெரியும் சார்" என்று சொல்லிச் சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டான்.

கடைசி நாள் கூட்டம் நிறைந்திருந்தது. ஜெயமங்கலத்திலிருந்து அப்பா, அம்மா, கூடவே அந்த அத்தையும் வந்திருந்தார். மகனும் வந்திருந்தான். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகளின் நோய் மாமியாரைத்தான் முதலில் பிடிக்கும் என்று வைத்தியர் சொன்ன இடத்தில் கூட்டத்தில் அதிகம் சிரித்தவர் அத்தை. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தன் முகத்தைத்தான் அந்தப் பையன் மாட்டியிருக்கிறான் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்பாட்டுக் கூட்டத்தில் அந்தப் பிள்ளை தாளம் தப்பாமல் கைதட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு சிரமப்பட்டு மறைத்துவைத்த ஒன்றை அத்தனை பேருக்கு நடுவில் ஆடவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் இருந்த நிம்மதியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அதன் பிறகு சிறப்பு விருந்தினர் பேசினார். தொலைக்காட்சியில் வேலை பார்ப்பவர், சென்னையிலிருந்து வந்தவர். பிள்ளைகளைப் பாராட்டிவிட்டு, "ஆனா நம்பும்படியா இல்லை. பெரியவங்க யாரோ உட்கார்ந்து எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே முடித்தார். டிராயிங் சாரின் காது சிவந்ததை நான் பார்த்தேன். எழுந்து போய் மைக்கை வாங்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எழுதிக்கொடுத்ததா? இந்த மேடையில நடந்தது ஒவ்வொண்ணும் சத்தியம். நோய்னு காட்டுனோமே, அது நோயில்லைங்க, நட்சத்திரம். மகத்த ஆயில்யமாக்கிப் பெத்த பிள்ளையப் படிக்கவச்ச ஒரு தாயோட கதை. அந்தப் பிள்ள இங்கனதான் ஒக்காந்திருக்கு. எந்திரிம்மா. பயப்படாத, எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. சுற்றியிருந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். சென்னைக்காரர் கைதட்டினார். கூட்டமும் கைதட்டியது. அந்தச் சத்தம் அடங்கியதும் அத்தை தன் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எம்புட்டு மணிக்குப் புள்ளயப் பெத்த? இப்பவாச்சும் நெசத்தச் சொல்லு."

பக்கத்தில் இருந்த சிலர் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. விடுதிக்குள் போய் மகளின் பெட்டியைத் தானே எடுத்துவந்தார். நான் வாசலில் மறித்து, "ஐயா, பிள்ள நல்லாப் படிக்குது, ஒரு வருசம்தான் இருக்கு" என்றேன். "உங்க வேல முடிஞ்சிருச்சுல்ல சார், வழிய விடுங்க" என்றார். அந்தப் பிள்ளை என்னைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் மறுநாள்தான் கிளம்பினார்கள். அன்றிரவுப் பந்தியில் பழக்கத்தில் எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது.

டிராயிங் சாரிடம் அன்றே கேட்டேன். "நான் பேரு சொல்லலையே சார். கூட்டமே கண்ணக் கசக்குச்சு, பாத்தீகள்ல? கலைன்னா உண்ம வெளிய வரத்தான் செய்யும்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட ஒரு எதிரியை அடையாளம் கண்டுகொண்டோம் என்று ஆறியிருப்பேன். யாரோ ஒருவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு குத்தலைத் தாங்க முடியாமல், கையில் அகப்பட்டதை எடுத்து வீசிவிட்டார். அகப்பட்டது அந்தப் பிள்ளையின் படிப்பு. ஐந்து கோடை அவர் காப்பாற்றிய சொல், அதுவரை யாரும் அவரைச் சீண்டாததால் நின்ற சொல்தானா என்று அன்று தொடங்கிய சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. இருபது வருடத்துப் பழக்கத்தையும் அதே சந்தேகத்தோடுதான் இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூன் மாதம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. ஆவணியில் அத்தை மகனோடு கல்யாணம். பெரியகுளம் பேருந்து நிலையத்தில் ஒருமுறை அவள் அம்மாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன், நின்றார். "நல்லாத்தான் இருக்கா சார். நானும் அவளும் பேசிக்கிறதில்ல, அம்புட்டுத்தான்" என்றார். "அவ மேல தப்பில்லம்மா, நம்பித்தான் சொன்னா" என்றேன். "நானும் அவள நம்பித்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார்.

முகாம் வளர்ந்தது. சென்னைக்காரர் செய்த உதவியில் தனிக் கூடம் வந்தது. நான் அதன் பிறகு போகவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் டிராயிங் சார் அல்லிநகரத்தில் என் வீடு தேடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முகாமுக்கு ஒரு விழா, நான் மேடையில் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றார். காபி குடித்தபடி, "அந்த ஜெயமங்கலத்துப் பிள்ள கதைய இப்பவும் போற எடமெல்லாம் சொல்றேன் சார். அங்கனருந்துதான் நம்ம முகாமே எழுந்துச்சு" என்றார்.

"அந்தப் பிள்ள பேரு என்ன?" என்று கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பள்ளியில் பிள்ளைகள் பெயர் மறந்துபோகும்போதெல்லாம் அப்படித்தான் என்னைப் பார்ப்பார், நான் எடுத்துக்கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில் பெயர் என் உதடு வரை வந்துவிட்டது.

நான் சொல்லவில்லை.