நட்சத்திரப் பொடி

அம்மா பகல் முழுக்க வேறு ஏதோ உயிராக மாறிவிடுகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அக்கா. அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. பட்டாசுக்குள் அடைக்கிற பொடிக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கை வரை வெள்ளியாக மின்னுவாள்.

அக்கா சான்றுகளை அடுக்கினாள். கரிசல் காட்டுக்குள் கம்பெனியைச் சின்னச் சின்ன அறைகளாக, தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்களே, ஏன்? அறைக்கு ஒரு மிருகம். ஓடுவதற்குப் பல வாசல். உள்ளே செருப்புக் கூடாது. மிருகம் எங்கே செருப்புப் போடும்? தீப்பெட்டி கூடாது, மிருகத்துக்குத் தீ என்றால் பயம்.

"வானத்துல இருந்து விழுந்த நட்சத்திரத்த இடிச்ச பொடிடி அது. மேல பட்டதும் மனசுல எத நெனைக்கியோ அதாவே ஆயிருவ."

"அம்மா என்னவா ஆகும்?"

"அதக் கேக்கக் கூடாது. கேட்டா வீட்டுக்குத் திரும்பி வராது."

நான் கேட்கவே இல்லை.

வந்ததும் அம்மா எங்களைத் தொடமாட்டாள். கொல்லைப்புறத்தில் வேலைச் சேலையை அவிழ்த்து வாளியில் போட்டு, குளித்த பிறகுதான் உள்ளே வருவாள். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி, என்றாள் அக்கா. அந்த வாளிப் பக்கம் நாங்கள் போகவே கூடாது. அதுவே எங்களுக்குக் கடைசிச் சான்று.

தீபாவளி சீசனில் ஒரு நாள், இருந்த தண்ணீரெல்லாம் குளிக்கவும் உலைக்குமே தீர்ந்துபோக, அம்மா உலையை வைத்துவிட்டுக் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். அக்கா டியூஷனில் இருந்தாள். நனைக்காத சேலை வாளியில் கிடந்தது. எடுத்து உதறினேன். மாலை வெயிலில் வெள்ளித் தூசி எழுந்து மெதுவாக என்மேல் இறங்கியது. அப்படி ஒரு அழகை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. சேலையைச் சுற்றிக்கொண்டு, மயில், மயில் என்று நினைத்தேன். கழுத்து நீள்வது நன்றாகவே தெரிந்தது.

கண்ணால் பார்த்துவிட வேண்டும். எங்கள் ஒற்றை அறையில் கண்ணாடி அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. விறகு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. முந்தானையைத் தோகையாக இழுத்தபடி, அகவிக்கொண்டே கண்ணாடியை நோக்கி நடந்தேன்.

கொல்லை வாசலில் அம்மா. குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள்.

"மயிலா வந்திருக்கு?"

உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் சொல்லாமலே தெரிந்துவிட்டதே. அகவியதை அப்போது கணக்கில் சேர்க்கவில்லை.

"ஓடாத, பைய வா. அங்கன ஒண்ணும் இல்ல. இங்கன தான் இரை இருக்கு. தோகையச் சுருட்டி நெஞ்சோட அணைச்சுக்க."

கோழிக்கு இரை போடுகிறவளைப் போல விரல்களை உரசிக் காட்டினாள். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. கழுத்தை ஆட்டி ஆட்டி அவளிடம் நடந்தேன். வாசலைத் தாண்டியதும் சேலையை உருவித் தூர எறிந்தாள். குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் தலையில் கவிழ்த்தாள். அடிக்கவில்லை.

இப்போது என் மகள் நாய்க்குட்டியாக மாறிக் கட்டிலடியில் குரைக்கும்போதெல்லாம், கேஸை அணைத்தேனா என்று இரண்டு முறை போய்ப் பார்க்கிறேன். அதட்டுவதா, கூடச் சேர்ந்து குரைப்பதா என்று குழம்பி நிற்பதற்குள் அவள் வேறு மிருகமாகிவிடுகிறாள். அம்மாவுக்கு மட்டும் அந்த ஒரு நொடியில் எப்படித் தெரிந்தது?

அன்று ஈரத்தோடு என்னை இறுக்கிக்கொண்டு கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் காது அவள் நெஞ்சில் இருந்தது. உள்ளே, பிடிபட்ட குருவி ஒன்றின் நெஞ்சைப் போலப் படபடவென்று அடித்தது. அம்மாவும் மாறத் தொடங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். என்னவாக ஆகப்போகிறாள் என்று கேட்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.