தைத்த ஷூவைப் பிரித்த செம்பட்டு

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. ஸ்ரீரங்கத்தில் மூன்று நாள் தங்கி ஆற அமரச் சேவிக்கலாம் என்றுதான் போனேன். கல்லூரி நண்பன் சௌந்தரராஜன் விட்டால்தானே. அவன் டெல்லியில் வர்த்தக இலாகா அதிகாரி; லீவில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்திருந்தான். நாடுகள் கூடி இறக்குமதி வரியைப் பேசி முடிவு செய்யும் ஜெனீவா கூட்டத்துக்குத் தை பிறந்ததும் போக வேண்டியவன். "செம்பட்டுல ஒரு தோல் பதனிடுற ஷெட் பார்க்கணும், நீயும் வாயேன்டா" என்றான்.

காலை எட்டரைக்கு பஸ் ஏறினோம். திருச்சி ஜங்ஷனில் இறங்கி, புதுக்கோட்டை சாலையில் இன்னொரு பஸ். நாலு மைல், நாலணா. ஊருக்கு முன்னால் அதன் வாடை வந்துவிடும். மூக்கைப் பொத்திப் பயனில்லை.

முதலாளி காதர் பாய், தோலோடு ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளைக் காட்டிவிட்டுத் தையல் கொட்டகைக்கு அழைத்துப் போனார். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து, தாங்களே தைத்த ஷூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் பிரிக்கிறார்கள் என்று பாயைக் கேட்டேன்.

"பச்சைத் தோலுன்னா சீமையில சும்மா விடுறாங்க சார். பதம் பண்ணா கொஞ்சம் வரி. ஷூவாத் தச்சா தாங்காது. வாங்குறவர் கட்டுப்படியாகலைன்னுட்டார். பிரிச்சு அனுப்புனா அங்க தச்சுக்குவாங்களாம். வரி இறங்கலேன்னா கொட்டகையை மூடணும். இவங்களுக்கு என்ன சொல்லட்டும், சொல்லுங்க."

"நாடுங்க கூடிப் போட்ட அந்த வரி ஒப்பந்தம் இல்லேன்னா நெனச்ச அன்னிக்கு நெனச்ச வரி போடுவாங்க, பாய்" என்றான் சௌந்தரராஜன். "இப்ப ஒரு கட்டுக்குள்ள இருக்கு."

"இருக்கட்டும் சார். ஆனா ஜெனீவாவுல நடக்குறது பேரம். பெரிய நாடுங்க தங்களுக்குள்ள விட்டுக்கொடுத்துக்குறாங்க. நம்மகிட்ட கொடுக்க என்ன இருக்கு?"

எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பாய், பாதி பிரித்த ஷூ ஒன்றை சௌந்தரராஜனிடம் நீட்டினார். "அந்தக் கூட்டத்து மேசை மேல வைங்க." ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் தயங்கித்தான் வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது ஸ்ரீரங்கத்துக் காவேரிக் கரையில், அம்மா மண்டபத்தில் இறங்கினோம். ஷெட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் நுழைந்தால் அவன் அம்மா ஆடித் தீர்த்துவிடுவாள். ஷூவைப் படித்துறையில் வைத்துவிட்டுக் காவேரியில் முழுக்குப் போட்டான். அங்கேயே விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஈர வேட்டியோடு அதை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

செம்பட்டு போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மாற்று வேட்டி அவசியம். முதலாளியைக் கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். தையல் கொட்டகை எங்கே என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். ஜெனீவாவில் அந்த ஷூவை எல்லோரும் மரியாதையாகக் கையில் வாங்கிப் பார்த்தார்களாம். வரி இறங்கவில்லை.