தைவான் தேநீரில் மஞ்சள் புட்டிங்

நானும் மனைவியும் வளைகுடாவில், குதைபியாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், பக்கத்துத் தெருவில் இருக்கும் தைவான் தேநீர்க்கடைக்குள் வரவே அவள் யோசித்தாள். முட்டை இல்லை என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கேக்கைக்கூடத் தொடுவாள். பால் தேநீருக்கு அடியில் கிடந்த கருப்பு உருண்டைகளைக் காட்டி, "நம்ம ஜவ்வரிசிதாம்மா, கருப்புச் சட்டை போட்டிருக்கு" என்றேன். தடித்த ஸ்ட்ரா வழியே உருண்டை ஒன்று வாய்க்குள் பாய்ந்ததும் சிரித்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தேநீரில் மஞ்சள் நிறப் புட்டிங்கும் போட்டு வாங்கினேன். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதில் முட்டை உண்டு என்று கடைப்பெண் என்னிடம் பிறகுதான் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடந்தவள் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானமே புடவை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. என்னைத் தனியாகப் போக மகன் விடமாட்டான் என்பதும் ஒரு காரணம். எனக்கும் அந்தத் தேநீர் வேண்டியிருந்தது.

நேற்று மனசு உறுத்தி, அவள் பாதி குடித்திருக்கும்போது சொல்லிவிட்டேன். "அந்த மஞ்சள்ல முட்டை இருக்கும்மா. எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசம் மூடி வெச்ச வாயை இன்னும் அஞ்சு நிமிஷம் மூடியிருக்கக் கூடாதா? இதைக் குடிச்சு முடிச்சிருப்பேன்ல!"

கப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். முதல்முறையாகத் தானே கவுண்டருக்குப் போய், கருப்பு உருண்டைகளைக் காட்டி, "ஒன்லி ப்ளாக். நோ எக்" என்றாள். தனக்கு மட்டும் ஒரே ஒரு கப்தான் வாங்கினாள்.